உங்கள் தம்பி நடிக்கத்தான் போகிறார்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நலமா என்று கேட்டு, இங்கே எல்லோரும் நலம் என்று ஒரு பொய்யும் எழுதி, பிறகு விஷயத்துக்கு வருவதுதான் நம் வழக்கம். இந்த ஒரு கடிதத்தில் அதை விட்டுவிடுகிறேன். நான் நலமாக இல்லை, அது உங்களுக்கே தெரியும். எனக்கு உங்கள் மேல் கோபம், அது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பாதியில் அழ ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்கும் பாதியில் மூச்சு வாங்கும், சொல்ல வந்தது நடுவழியில் நின்றுவிடும். கடிதம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளலாம். இதை மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டேன். அவர் காட்டவில்லை. துவைக்கப் போட்ட பேன்ட்டின் பின்பக்கப் பையில் நாலாக மடித்து இருந்தது. முப்பது வருஷம் யூனிஃபார்ம் கடையில் துணி வெட்டியவள் நான். பேன்ட் கைக்கு வந்தால் பையைத் துழாவாமல் விட மாட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் படித்தது தப்புதான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு எதற்கும் கேட்கப் போவதில்லை.

"பொண்டாட்டி மூச்சு விட முடியாம கெடக்கா, நீ மீசை ஒட்டிக்கிட்டு மேடையில இளிச்சுக்கிட்டு நிக்கிறியாமே, உனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று எழுதியிருக்கிறீர்கள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் நீங்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அவருக்கு அது கோர்ட் தீர்ப்பு. கடிதம் வந்த அன்றே நாடகக் குழுவுக்குப் போன் செய்து, தொண்டை சரியில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். என்னிடமும் தொண்டை என்றுதான் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது அண்ணி. பொய் சொல்லும்போது காதைத் தடவுவார். அன்று காது சிவந்துபோகும் அளவுக்குத் தடவினார்.

நாடகம் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, வேறு ஆளும் கிடைக்கவில்லை. அவர்தான் நடிக்க வேண்டும், நடிக்கத்தான் போகிறார். ஏன் என்று முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள்.

முதலில் என் சமாசாரம். நுரையீரல் நார் நாராகத் தடித்துப்போகும் நோய் இது. மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், போனது திரும்பாது. டாக்டர் இதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார், நானும் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமுகிறது. அதிலிருந்து என் மூக்குக்குப் பதினைந்து மீட்டர் குழாய். சமையலறை வரைக்கும் எட்டும், குளியலறை வரைக்கும் எட்டும், பால்கனிக்கு மட்டும் ஒரு முழம் போதாது. நான் நடந்தால் உங்கள் தம்பி குழாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார். கல்யாணம் ஆன புதிதில் கடைத்தெருவில் பத்தடி முன்னால் நடந்த மனிதர் இவர் என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்?

ஆக, அவர் என்னைக் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கவனிப்பு கழுத்து வரைக்கும் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அல்லவா? அந்தக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் இவர் கால் அதன் மேலேயே இருக்கும். வீட்டிலும் அதே கதைதான். நான் நாற்காலியை விட்டு எழுந்தால் அவர் கால் தரையை அழுத்தும். இருமினால் அழுத்தும். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டுகிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது, விரலில் மாட்டுவது. காலையும் மாலையும் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். இவர் மணிக்கு ஒரு தடவை மாட்டி நோட்டில் எழுதினார். நான் அழுதால் எண் இறங்கும். எண் இறங்கினால் அவர் முகம் இறங்கும். அதனால் நான் அழுவதையே விட்டுவிட்டேன். என் வீட்டில், என் வியாதிக்கு, என்னால் அழ முடியவில்லை அண்ணி.

வாரம் ஒரு முறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவார். ஒரு நாள் என்னைப் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்பும்போது உங்கள் தம்பியிடம், "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டார். இவர் சட்டென்று, "தொண்ணூத்தொண்ணு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை. "அது அவங்களோடது. உங்களோடது என்ன?" என்று மறுபடியும் கேட்டார். இவர் நோட்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார், தன்னைப் பற்றியும் அதில் எங்காவது எழுதி வைத்திருப்பது போல. பிறகு காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது. நர்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களைப் பாத்துக்க இத்தனை பேர் இருக்கோம்மா. அவரை யாரு பாத்துக்கறா?" என்றார்.

அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி என்னைப் பார்க்க வந்தார். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பல் டாக்டர் அம்மா, ஒழுங்காக, நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாராம். பக்கத்தில் இருந்த உங்கள் தம்பி திடீரென்று பிரேக்கை ஒரே மிதியாக மிதித்திருக்கிறார். பின்னால் வந்த வேன் வந்து இடித்திருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஏன் மிதித்தீர்கள் என்று கேட்டதற்கு, "அவ இருமினா" என்றாராம். அந்த அம்மா இருமவே இல்லை. நான் அப்போது இங்கே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இது நடந்து பத்து நாள் ஆகியும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி நல்ல மனிதர். "ஒரு மாசம் வண்டியில ஏற வேணாம், ஆபீஸ்ல உக்காருங்கன்னு சொல்லியிருக்கேன்மா. ஆனா லீவு வேண்டியது அவர் காலுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் ஸ்டிரைக் ஆரம்பித்தேன். இனி மணிக்கு ஒரு தடவை விரலை நீட்ட மாட்டேன், நாடக ஒத்திகைக்குப் போகாவிட்டால் காலையும் மாலையும்கூட நீட்ட மாட்டேன் என்று சொன்னேன். ஆமாம் அண்ணி, நான்தான் அனுப்பினேன். அவராகப் போகவில்லை. உங்களுக்குத் தெரியுமே, இருபது வருஷமாக அந்தக் குழுவில் அவருக்குக் கடைசிக் காட்சியில் வந்து கைது செய்யும் போலீஸ்காரர் வேஷம்தான். மொத்தமே இரண்டு வரி. இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கதையின் முக்கிய ஆள், கஞ்சப் பிசினாறி வீட்டுச் சொந்தக்காரர் வேஷம், பதினாலு பக்க வசனம். எனக்கு உடம்பு மோசமானதும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். என் ஸ்டிரைக்கைக் கேட்டதும் கெஞ்சினார், கத்தினார், குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் போர்வைக்குள் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை வசனப் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.

வாரம் மூன்று நாள், மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஒத்திகை. அந்த நேரம் என்னுடன் காஜாக்கா இருப்பார். கடையில் என் வெட்டு மேஜைக்குப் பக்கத்து மெஷினில் பதினெட்டு வருஷம் பட்டன் ஓட்டைக்குக் காஜா தைத்தவர், அதனால் அந்தப் பெயர். அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வாய் கொஞ்சம் நீளம். ஆக்சிஜன் மெஷின் நின்றால் சிலிண்டருக்கு எப்படி மாற்றுவது, யாருக்குப் போன் செய்வது எல்லாம் நர்ஸிடம் கேட்டுப் படித்துக்கொண்டார். முதல் நாள் உங்கள் தம்பி தலை மறைந்ததும் நான் அழுதேன் பாருங்கள், எட்டு மாதத்து அழுகை. காஜாக்கா எண்ணைப் பார்க்கவில்லை. "அழு, நல்லா அழு, ஏழு மணிக்கு எனக்கு டீ வேணும், அதுக்குள்ள முடி" என்றார். அந்த டீயை நான்தான் போட்டேன்.

அந்த வேஷத்துக்கு ஒரு கோட்டு வேண்டும் என்றார்கள். நான் வெட்டுகிறேன் என்றேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே அவருக்கு அளவெடுத்தேன். அவர் இடுப்பு முப்பத்தெட்டு. இருபத்தாறு வருஷமாக டேப் இல்லாமலே எனக்குத் தெரிந்த எண் அது. டேப் முப்பத்துநாலில் நின்றது. மறுபடியும் சுற்றினேன், அதே முப்பத்துநாலு. வியாதி எனக்கு, நாலு அங்குலம் போனது அவருக்கு. எந்த நோட்டிலும் அதை யாரும் எழுதவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. யார் மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை.

ஒத்திகை முடிந்து வந்து, யார் வசனம் மறந்தார், யார் கதவு என்று நினைத்துத் திரைக்குள் புகுந்தார் என்று நடித்துக் காட்டுவார். நான் சிரித்துச் சிரித்து இருமுவேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் அப்படி இருமும்போது கவனித்தேன். அவர் கருவியைத் தேடவில்லை. தண்ணீரை நீட்டிவிட்டு மீதிக் கதையைச் சொன்னார். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் இருந்தோம். அதுவரை ஒரு நோயாளியும் ஒரு காவல்காரரும்தான் இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் உங்கள் சித்தப்பா மகன் ஒத்திகை நடக்கும் கூடத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் என்று சொன்னாராமே. சிரித்தார். என் மேல் ஆணையாகச் சிரித்தார். அந்தச் சித்தப்பா மகன் எங்கள் வீட்டுப் படியேறி என்னைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது, அதையும் அவரிடம் கேளுங்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது வந்து ஒரு மணி நேரம் இந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காரட்டும், பிறகு பேசட்டும்.

இனி எழுதப் போவது உங்களுக்கு வலிக்கும். தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு அண்ணன் பக்கவாதத்தில் படுத்த நாலு வருஷமும் நீங்கள் வாசற்படி தாண்டவில்லை என்று எல்லோரும் உங்களைப் புகழ்வார்கள். உங்கள் கடிதத்திலும் அதை எழுதியிருக்கிறீர்கள், "நான் இருந்தேன்ல?" என்று. அண்ணன் காலமான அடுத்த மாதம் நான் உங்களைப் பார்க்க வந்தேன். மற்றவர்கள் கூடத்தில் இருந்தார்கள். சமையலறையில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள்: "நாலு வருஷத்துல ஒருத்தராவது, நான் பாத்துக்கறேன், நீ ஒரு மணி நேரம் வெளியில போயிட்டு வாடின்னு சொல்லலையே." உடனே, இதை யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். இன்று வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், அவருக்கு மருந்து கொடுக்கிற நேரம் வந்தால் வெறுங்கட்டிலுக்கு எதிரே போய் உட்கார்ந்தீர்கள். கூப்பிட ஒரு சிநேகிதி இல்லை, போக ஓர் இடம் இல்லை. எல்லாம் அந்த நாலு வருஷத்தில் கழன்று போயிருந்தது. உங்களிடம் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு அப்படி ஆக நான் விட மாட்டேன். மூச்சு பாதிதான் இருக்கிறது, பிடிவாதம் முழுசாக இருக்கிறது.

நான் எத்தனை சொன்னாலும் அவர் இனி போக மாட்டார். என் சொல்லைவிட உங்கள் சொல் அவருக்குப் பெரிது, அதில் எனக்குப் பொறாமைகூட இல்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். "போய் நடிச்சிட்டு வாடா, நான் சொல்றேன்" என்று எழுதினால் போதும். உங்களுக்கு யாரும் சொல்லாததை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். கோட்டு தயார். காஜாக்கா பட்டன்கூட வைத்துவிட்டார்.

முன்வரிசையில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. சின்ன சிலிண்டரோடு சக்கர நாற்காலியில் வருவேன், டாக்டரிடமும் கேட்டாகிவிட்டது. நீங்கள் எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். நாடகம் நன்றாக வந்தால் அடுத்த வருஷமும் போடுவார்களாம். அதற்கும் நீங்கள் வர வேண்டும் அண்ணி. அன்றைக்கும் அவர் மேடையிலிருந்து முன்வரிசையில் தேடுவார். அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும்.

எப்போதும் கடிதத்தை முடிக்கும்போது உங்கள் ஆசியைக் கேட்பேன். இந்த முறை எனக்குரியதையும் சேர்த்து அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

உங்களோடு சண்டை போட்டுவிட்டு உங்களையே நம்பியிருக்கும்,
உங்கள் தம்பி மனைவி