கங்காணிக்குப் பின்னால் ஐந்து பூட்டு

ஜூன் 3, செவ்வாய்

நாயைப் படம் எடுத்து அனுப்பினேன். கொழும்பிலிருந்து பேத்தி பிரியந்தி கேட்கிறாள்: "அம்மாயி, இது கங்காணியா, கரி மூட்டையா? கண்ணு ரெண்டுதான் தெரியுது."

அவனும் கறுப்பு, வீடும் இருட்டு. நான் என்ன செய்ய? வருகிறவர் போகிறவரை எல்லாம் அதட்டுவதால் என் வீட்டுக்காரர் வைத்த பேர் கங்காணி. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அதட்டவும் ஆளில்லை. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஆறு காம்பரா, ஆறு குடும்பம் இருந்த வீடு. ஐந்து பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 4, புதன்

மழை. படம் இல்லை. நாயைத் தவிர யாரோடும் பேசவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பிரியந்தி பாடம் எடுத்தாள். "மேல நின்னு எடுக்காதீங்க. அவன் ஒசரத்துக்கு ஒக்காருங்க. வெளிச்சம் அவன் மொகத்துல படணும். பின்னால சட்டி பானை, துணிமணி ஒண்ணும் தெரியக் கூடாது."

நர்ஸ் படிக்கப் போனவள் எனக்கு வாத்தியார். நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும். காலையில் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் விண்ணென்று தெறித்தது. போனுக்குப் பக்கத்தில் ரொட்டித் துண்டைப் பிடித்தேன். காதை நட்டுக்கொண்டு பார்த்தான். மீசை மயிரைக்கூட எண்ணலாம், அப்படி ஒரு படம்.

அனுப்பவில்லை. அவன் தலைக்குப் பின்னால் வரிசையாகப் பூட்டு. ஐந்தும் தெரிகிறது.

பிரியந்தி கிளம்பிய அன்று பக்கத்து வீட்டுக் காளியாயி கையைப் பிடித்து, "ராவுல அம்மாயி கூடப் படுத்துக்கங்க சின்னம்மாயி" என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். ஏப்ரலில் காளியாயியும் ஃபெக்டரிக்குக் கீழே மகன் கட்டிய புது வீட்டுக்குப் போய்விட்டாள். "வாங்கக்கா, எங்களோட இருங்க" என்றாள். அடுத்தவள் அடுப்படியில் எனக்கென்ன வேலை? வரமாட்டேன் என்றேன். பிள்ளையிடம் சொல்லவில்லை. சின்னம்மாயி எங்கே என்று கேட்டால், "இந்தா இருக்கா" என்பேன்.

ஜூன் 9, திங்கள்

திருப்பி உட்கார வைத்தேன். வெளிச்சம் முதுகில் விழுந்து மறுபடி கரி மூட்டை. பூட்டை மறைக்கச் சேலையைக் கட்டினேன், இழுத்துக் கடித்துவிட்டான். நல்ல வெளிச்சம் விழுவது அந்த ஒரு பக்கம்தான்.

ஜூன் 12, வியாழன்

கரி மூட்டைதான் அனுப்பினேன். "சரி அம்மாயி" என்று மட்டும் வந்தது.

ஜூன் 14, சனி

அதுவும் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பொறுக்க முடியாமல் அந்த நல்ல படத்தை அனுப்பிவிட்டேன். நாயைத்தானே பார்ப்பாள் என்று நினைத்தேன். "ஐயோ என் தங்கம்" என்று பதில் வந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன். அரை மணி நேரத்தில் போனில் கோல் எடுத்தாள்.

"சின்னம்மாயி வீட்டுல ஏன் பூட்டு?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

"அஞ்சு வீட்டுக்காரங்களுமா?"

"கங்காணி சோறு கேக்குறான்" என்றேன்.

"பெருசாக்கிப் பாத்தேன் அம்மாயி. பூட்டெல்லாம் துருப்பிடிச்சிருக்கு." அழுகிறாள். "நான் படிப்ப விட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வந்துர்றேன்."

ஏன்டி, நீ படிக்கணும்னுதானே நான் பொய் சொன்னேன். இப்ப அந்தப் படிப்பையே விடுறேங்குறியே. ஒரு படம் — அத அனுப்பாம இருந்திருக்கலாம். இருந்திருக்க முடியுமா என்னால?

ஜூன் 17, செவ்வாய்

இறங்கிப் போனேன். காளியாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றேன். 

"இந்த எறக்கம் எறங்க ரெண்டு மாசமாச்சாக்கா?"

"நாயும் வரும்" என்றேன்.

"அது எங் கோழியத் தின்னா ஒங்களத்தான் கேப்பேன்."

"தின்னாது."

அவ்வளவுதான் பேசினோம். அரிசியில் இன்னொரு சுண்டு அள்ளிப் போட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

நான் இங்கே காளியாயி வீட்டில்தான் என்று சொன்னதும் பிரியந்தி வரவில்லை. நாளைக்குப் பரீட்சையாம். ஆறாவது கதவையும் பூட்டிய சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஏனோ அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

காலையில் வாசலில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். உடனே திட்டு வந்தது. "எத்தன தடவ சொன்னேன் அம்மாயி. பின்னால வாளி, கோழி, கொடியில துணி, சின்னம்மாயி காலு. நாயவே காணோம். திரும்ப எடுங்க."

எடுக்கவில்லை.