மச்சாளோடு கற்பிட்டிக்கு

2024 ஜனவரி 9, லங்காவி, மலேசியா

காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனுசன் கில்பட் வானத்தைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வெளிக்கிடுவோம் சாரு" என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருசமாக இந்தப் பாய்ப்படகிலேயே சமைத்து, படுத்து, சண்டை பிடித்து வாழ்ந்தாயிற்று. புறப்பட ஒரு வசனம் போதுமாக இருந்தது.

இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கம், கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் படகை விற்பதாகப் பேச்சு. கேட்டது நான்தான். காலுக்குக் கீழே ஆடாத தரை வேண்டும். மேசையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் பின்னேரம் படகின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு பெயருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்: மச்சாள்.

எனக்குக் கூடப்பிறந்தது தம்பி உமாசுதன் மட்டும்; மச்சாள் என்று அவர் கூப்பிட அக்கா தங்கச்சி இல்லை. "மச்சாள் இல்லாத வீட்டுல கலியாணம் முடிச்சேன், நானே ஒன்னு வாங்கிட்டேன்" என்று கில்பட் சொல்லி வைத்த பெயர். விற்கப்போகும் படகுக்கு எதற்குப் புதுப் பெயின்ட்?

ஜனவரி 12

கரை மறைந்துவிட்டது. நான் அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது.

ஜனவரி 15, கடலில்

தைப்பொங்கல். ஆடும் அடுப்பில் பானையைக் கயிற்றால் கட்டி வைத்துப் பொங்கினேன். அலை தள்ளியதில் நாலு பக்கமும் வழிந்தது. "எல்லாத் திசையிலயும் பொங்கிருக்கு, உங்க ஊர் உடப்பில யாருக்கும் இப்படிக் கிடைச்சிருக்காது" என்று சிரித்தார் கில்பட். சிலுவை போட்டுக்கொண்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சிலாபத்துக் கத்தோலிக்கருக்கு என்னுடைய சர்க்கரைப் பொங்கல் மேல் எப்போதும் ஒரு பக்தி.

வாடைக்காற்று பின்னாலிருந்து நன்றாகத் தள்ளுகிறது. நல்ல நாள்.

ஜனவரி 19

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் நான் கீழே பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய அலை ஒன்று படகைத் திருப்பிவிட்டது. காற்று பாயின் மறுபக்கம் போய், பாயின் அடியில் கட்டியிருக்கும் நீளக் கட்டை ஒரே வீச்சாக அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து கில்பட்டின் தோளில் அடித்தது. சத்தம் எனக்குக் கீழே கேட்டது. மேலே ஓடினால் சுக்கானுக்குப் பக்கத்தில் மனுசன் விழுந்து கிடக்கிறார் — முகம் சுண்ணாம்பு மாதிரி. "கடல்ல விழல்ல, கடல்ல விழல்ல" என்று அதையே சொல்கிறார். ஐயோ. தலையில் பட்டிருந்தால்? நான் மேலே வந்து பார்க்கும்போது ஆளே இல்லாமல் இருந்திருந்தால்?

இடது தோள் எலும்பு முறிந்திருக்கிறது. தொட்டால் தெரிகிறது. என் பழைய சேலையைக் கிழித்துக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். வலிக்குளிசை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

"காலித் துறைமுகத்துக்கு இன்னும் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நாலு நாள்."

"யாரு ஓட்டுறது?"

என்னைப் பார்த்தார்.

ஜனவரி 20

நான் ஓட்டுகிறேன்.

ஜனவரி 22

ஒன்பது வருசத்தில் பாய் தைத்தது நான். அதை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. இப்போது அவர் கீழே படுத்தபடி கத்துகிறார், நான் மேலே செய்கிறேன். "கயிற்ற ரெண்டு சுத்து சுத்து! கைய விட்டுராத!" முதல் நாள் இரண்டு பேருமே அழுதுவிட்டோம். இன்று அவர் கத்துவதற்கு முன்பே நான் செய்துவிட்டேன். கீழே சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் நித்திரை. என்னை நம்பி நித்திரை கொண்டிருக்கிறார்.

இலங்கைக்குத் தெற்கே கப்பல் பாதை. ஒன்றன் பின் ஒன்றாகச் சரக்குப் பெட்டி அடுக்கிய கப்பல்கள், மாடி வீட்டுத் தெரு ஒன்று நகர்ந்து வருகிற மாதிரி. அதைக் குறுக்கே கடந்தால்தான் காலி. ஒரு கப்பல் நேராக எங்களை நோக்கி வந்தது. ரேடியோவை எடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது பாய்ப்படகு மச்சாள், என் கணவருக்குக் காயம், நான் தனியாக ஓட்டுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு ஆண் குரல்: "மசால், உங்களைப் பார்த்துவிட்டோம். நீங்கள் நேரே போங்கள், நாங்கள் விலகுகிறோம்."

அவ்வளவு பெரிய கப்பல் மெதுவாக மூக்கைத் திருப்பியது. எனக்காக.

ஜனவரி 24, காலி

வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். முறிவுதான், சத்திரசிகிச்சை வேண்டாம், கட்டு மட்டும் போதுமாம். கையில் பாரம் தூக்கக் கூடாது.

ஜனவரி 30

துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாங்க விருப்பமாம். "இங்கேயே குடுத்திருவோமா? பஸ்ஸில ஊருக்குப் போயிருவோம். நீ களைச்சுட்டாய்" என்றார் கில்பட். நான் கேட்டதும் இதுதானே. வாயைத் திறந்து ஓம் என்று சொல்ல வேண்டியதுதான்.

"கற்பிட்டிக்குக் கொண்டுபோய்த்தான் விக்கிறது" என்றேன். என் வாய்தான். எனக்கே ஆச்சரியம்.

பெப்ரவரி 4

கற்பிட்டி வரை படகில் துணைக்கு வர உமாசுதன் உடப்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தான், ஒரு மூட்டை கருவாட்டோடு. பதினெட்டு வயதிலிருந்து கடல் தொழில் செய்கிறவன். பாயைப் பார்த்துச் சிரித்தான். "எஞ்சின் இருக்கையில ஏன் அக்கா இந்தச் சீலையக் கட்டிக்கிட்டுத் திரியிறீங்க?"

பெப்ரவரி 6, களுத்துறைக்கு வெளியே

என் தம்பி, கடலின் ராசா, காலையிலிருந்து வாந்தி எடுக்கிறான். அவனுடைய பிளாஸ்டிக் போட் அலை மேல் குதித்துப் பறக்கும். மச்சாள் தொட்டில் மாதிரி ஆடுவாள். அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றைக் கையால் கில்பட் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "ஊருல யாருக்கும் சொல்லிராதீங்க அத்தான்" என்று கெஞ்சுகிறான். அவர் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்யும்போதே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பெப்ரவரி 9

உடப்புக்கு நேரே வந்தபோது நாலைந்து போட்டுகள் எங்களைச் சுற்றி வந்தன. "சுக்கான்ல யாரு, உன் அக்காவா?" என்று ஒருவன் கத்தினான். "ஓம்! லங்காவியில இருந்து அவதான் ஓட்டி வந்தா!" என்றான் உமாசுதன். பாதிப் பொய். கில்பட் திருத்தவில்லை. பாய்மரத்தில் சாய்ந்துகொண்டு, தானே பெற்ற பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 11, கற்பிட்டி

உமாசுதனின் கூட்டாளி அன்ஸார் தன் போட்டில் முன்னே போய் மணல் திட்டுகளுக்கு நடுவே வழி காட்டினார். கடலோரத்து உப்பு ஏரியான களப்புக்குள் வந்து நங்கூரம் போட்டேன். தண்ணீர் அசையவே இல்லை. கில்பட்டும் நானும் கை பிடித்துக்கொண்டு இருந்தோம்.

மார்ச் 20, குறிஞ்சிப்பிட்டி

கற்பிட்டிக்குப் பக்கத்தில் வாடகை வீடு, படகு களப்பில் நிற்கிறது. ஆடாத தரை. நித்திரை வரவில்லை. கில்பட்டுக்கு வருகிறது! வெங்காயப் பாத்திக்கு ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றுகிறார், பக்கத்துத் தோட்டக்காரரோடு உரத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிறார். கடலைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோபமா எனக்கு? யார் மேல்?

ஏப்ரல் 18

காலியில் பார்த்த பிரெஞ்சுக்காரர் தேடி வந்துவிட்டார். படகைக் காட்டினேன். பாய் எப்படி ஏறும், எந்தக் கயிறு முரண்டு பிடிக்கும் என்று சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த கயிற்றை நானே வாங்கிக் கட்டினேன். கடைசியில் அவர் கில்பட்டிடம், "அப்போ முடிவு?" என்றார்.

"என்ன ஏன் கேக்கிறீங்க? படகுக்கு ஸ்கிப்பர் அவதான்."

படகு விற்பனைக்கு இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நல்ல மனிதர், கை குலுக்கிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "உங்களுக்குப் படகு வேணுமெண்டு தானே நான் நினைச்சேன்?"

"எனக்கு நீ இருக்கிற இடம் வேணும். அது ஆடினாலும் சரி. ஆனா வெங்காயம் கிண்டி எடுக்கிற வரைக்கும் பொறு."

நடுத்தெருவில் சிரித்து, அழுது — பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஜூன் 27

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசுகிறது. வெளிக்கடல் கொந்தளிக்கிறது, களப்புக்குள் அலை இல்லை, காற்று மட்டும். காலையில் தனியாகப் படகுக்கு வந்து பாயை அவிழ்த்து வைத்தேன். அன்ஸாரின் போட்டில் கில்பட் வந்தார், கக்கத்தில் சாப்பிட ஒரு பார்சல் பாணும் கட்டச் சம்பலும். போட்டிலிருந்து ஏறாமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"ஸ்கிப்பர், பயணி ஒராள் ஏறலாமா?"

"எங்க போகணும்?"

"நீ போற பக்கம்தான்."

அவருடைய நல்ல கையைப் பிடித்து மேலே இழுத்தேன்.