உன் பெயரில் அச்சான என் பிழை

டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளை இன்று உருவினேன். இரு ஓரமும் ஓட்டை போட்ட, பச்சைக் கோட்டுக் கணினித் தாள். வரிசையாகப் பிழைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் உன் பெயர். அந்தப் பெயர் பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஜவ்வாது மலை மேல், வானாய்வுக் கூடத்தின் கணினி அறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். நட்சத்திரப் பதிவேடு கணினியில் இருந்தது. நாலைந்து பேர் எழுதிய புரோகிராம்கள் அதைக் கேள்வி கேட்கும். கேள்வி தப்பாக இருந்தால், அந்தக் கேள்வியும் பிழை என்ற சொல்லும் மட்டும் அச்சாகும். கேட்டது எந்தப் புரோகிராம் என்று தேடியே நாள் போய்விடும். புரோகிராமின் தலையில் எழுதியவர் பெயரைப் போட்டு, கேள்வியோடு சேர்த்து அனுப்பலாம் என்றாய். அவ்வளவுதான், அதிகாரி உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். உனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள் நான். வயிறு எரிந்தது.

அடுத்த வாரமே உன் பெயரில் பிழைகள் வந்தன. உன் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாய், ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு உறைத்தது. புரோகிராமை யார் முதலிலிருந்து எழுதினார்கள்? இருப்பதை நகலெடுத்துத் திருத்துவோம். உன்னுடையதை நகலெடுத்த நான், தலையிலிருந்த பெயரை மாற்ற மறந்திருந்தேன்.

வாயைத் திறக்கவில்லை. புதுத் தொலைநோக்கியின் பதிவேட்டு வேலையை உன்னிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்தார்கள். பிறகுதான் சத்தமில்லாமல் கேள்வியையும் பெயரையும் திருத்தினேன். பிழை நின்றதும், நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். அதையும் மறுக்கவில்லை.

வேலையை விட்டு நீ கிளம்பிய அன்று, ஆலங்காயம் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன்.

"கேள்வி எழுதறப்ப நீ எப்பவும் நட்சத்திரத்தோட வெளிச்சத்ததான் முதல்ல கேப்ப. நானு அது எங்க இருக்குதுன்னு கேப்பேன்," என்றாய். "தாள்ல எம்பேர் போட்ட தப்பெல்லாம் வெளிச்சத்துலதான் ஆரம்பிச்சிது, பார்த்தப்பவே தெரிஞ்சிபோச்சிடி. இன்னா பண்றது, நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

கோபம் இல்லாமல் சொன்னாய். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. உன் பையை ஜன்னல் வழியாக நீட்டினேன், பஸ் போய்விட்டது.

போன மாதம் நீ இறந்த செய்தி வந்தபோது, இனி இது வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. என் சாவுச் செய்தி உனக்கு வந்திருந்தால் நீ முதலில் அழுதிருப்பாய். அதற்கும் உன்மேல் பொறாமைப்படுகிறேன்.