இடது என்றால் இடது

யாம்சா,
சனிக்கிழமை மாலை

அன்புள்ள ரெய்னோ அவர்களுக்கு,

ஐலா எழுதுவது. நானும் ஏர்க்கியும் முழு உடம்போடு இருக்கிறோம். காரின் முன்பக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுதான் மரியாதை. விசாரிக்கப் போவதில்லை. காரணம் கீழே வருகிறது.

மத்தியானத்திலிருந்து போன் செய்து அலுத்துவிட்டேன். என் எண்ணைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு ஹெல்வி இன்று உங்கள் ஊர் தம்பெரேவுக்கு வருகிறாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை உங்கள் வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் காபியாவது கொடுங்கள்.

நீங்களும் ஏர்க்கியும் இளமையில் பந்தயம் ஓட்டிய அதே காட்டுப் பாதைகளில், அதே பழைய ஸாப் காரில் மறுபடியும் ஓட்ட வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க அவர் என் உயிரை எடுத்தார். கடைசி நேரத்தில் நீங்கள் முட்டி வலி என்று கழன்றுகொண்டீர்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று பாதைக் குறிப்பு வாசிக்க ஆள் இல்லை. “ரெய்னோ இல்லேன்னா நீதான் வரணும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்ல?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு அன்பாக அவர் என்னை எங்கும் கூப்பிட்டதில்லை.

நேற்று, பந்தயத்தின் முதல் நாள், நன்றாகத்தான் போனது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தே இருந்தது. சேற்றுச் செருப்பைக் கழற்றுங்கள் என்று வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாத மனிதர், காருக்குள் நான் வலது என்றால் அந்த நொடியே வலது பக்கம் திருப்புகிறார். மேட்டில் ஏறிக் கார் அந்தரத்தில் பறக்கும்போதும் என் வார்த்தையை நம்பித்தான் இறங்குகிறார். இத்தனை வருஷம் இந்த இருக்கையை உங்களுக்கு விட்டுக்கொடுத்தேனே என்று வயிறெரிந்தது.

இன்று காலை, அவர் தின்ற பலகாரத்தின் வெண்ணெய் பட்டுக் குறிப்பில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. கவனிக்காமல் அடுத்த தாளைப் பார்த்து இடது என்று வாசித்துவிட்டேன். பாதையோ வலது பக்கம் வளைந்தது. மேடும் இல்லை, மரமும் மறைக்கவில்லை. பட்டப்பகல். மனிதர் இடது பக்கம் திருப்பி நேராகப் பார்லி வயலுக்குள் விட்டார். வேடிக்கை பார்த்தவர்கள் வழக்கம்போல ஓடிவந்து காரைத் தூக்கிப் பாதையில் வைத்துத் தள்ளிவிட்டார்கள். ஒரு தாடிக்காரர், “ஏம்மா, வீட்டுச் சண்டைய வயல்ல வந்தா போடுவீங்க?” என்று கேட்டார்.

தப்பாக வாசித்தது நான். அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. வளைவு ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். “கண்ணுல வெயில் அடிச்சுது” என்றார். வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காரை நிறுத்திய இடத்தில் எதிரே இருந்த பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். “தொத்திறைச்சின்னு போட்டிருக்கு. வேற என்ன போட்டிருப்பான்?” என்றார். அது கழிப்பறைப் பலகை. பக்கத்துக் கடையில் தொத்திறைச்சி வாட்டும் வாசனையை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் உங்கள் முட்டி ஞாபகம் வந்தது. போன வாரம் ஏரிக்கரை நடன மண்டபத்தில் நீங்கள் கடைசிப் பாட்டு வரை டாங்கோ ஆடியதாக ஹெல்வி சொன்னாள். உங்களுக்கு ஒரு வலியும் இல்லை, ரெய்னோ. அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பது முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வராமல் நழுவிவிட்டீர்கள். அந்த இருக்கையில் நான் ஏறப்போகிறேன் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தீர்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நாளைக்குக் கடைசிப் பாதை. ஊருக்குள் வந்து முடிகிறது. ஓரத்தில் புல்லில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “பரவால்ல, படிக்கத் தெரிஞ்சவன் எவனாவது கிடைப்பான்” என்கிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். சௌனா நீராவிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது வெளியே வந்து, விசிலடித்துக்கொண்டே நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறார். தகரத்தையும் கையால் தடவித்தான் பார்க்கிறார். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது.

நான் சொன்னால் அது பெண்டாட்டியின் தொணதொணப்பு. உங்கள் ஒரு சொல்லை நம்பி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாத மேடுகளையெல்லாம் வாழ்நாள் முழுக்க வேகம் குறைக்காமல் தாண்டியிருக்கிறார். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாளைக் காலை கார் கிளம்பும் முன் வந்துவிடுங்கள். அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துங்கள். நிறுத்து என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுவார்.

சொன்ன கையோடு இறங்கிவிடாதீர்கள். அவர் இறங்கும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள். கடவுள் உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

கோபம் தீராத,
ஐலா