நான் பார்க்காமல் விட்ட கடைசி வரி

இன்று அரியலூர் ரோட்டில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அந்த எடைமேடைக்குப் போயிருந்தேன். பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறார்கள், அதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கீபோர்டைத் தொட்டால் விரலெல்லாம் சிமெண்ட் தூசி. அந்தத் தூசியைத் துடைக்கும்போதுதான் உன் நினைப்பு வந்தது, போ.

ஒரே கம்ப்யூட்டரில் நம் இருவருடைய புரோகிராமும் ஓடியது. லாரியின் எடையை வாங்கி அனுப்புவது உன்னுடையது; அதைப் படித்துச் சீட்டு அடிப்பது என்னுடையது. ஒரு நாள் காலையில் எல்லாச் சீட்டிலும் பூஜ்யம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ரோடு வரை நின்று ஹாரன் அடித்தன. முதலாளி நம் தலைக்கு மேலேயே நின்றார்.

கம்ப்யூட்டரில் போகிற வருகிற தகவலைக் காட்டும் மென்பொருளைத் திறந்தேன். தகவல் போகும் வழிகளின் பட்டியலில் நெட்வொர்க் கேபிள் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். திரை காலி.

"இவ புரோகிராம் ஒண்ணுமே அனுப்பல சார்."

"அனுப்புதுடி. இன்னொரு தடவ பாரு" என்றாய்.

"அதான் கண்ணால பாத்துட்டேன்ல, இன்னும் என்னத்தப் பாக்கறது?" என்று எரிந்து விழுந்தேன்.

முதலாளி உன்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நீ டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாய்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு புரோகிராம் பேசிக்கொண்டால் அது கேபிள் பக்கமே போகாது. பட்டியலின் கடைசியில் இருக்கும் லூப்பேக் வரியில்தான் தெரியும். மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அதைத் திறந்தால் நொடிக்கொரு தடவை உன் எடை சரியாக வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் நான் செய்த ஒரு மாற்றத்தால் என் புரோகிராம்தான் அதைப் படிக்கத் தெரியாமல் முழித்தது. சத்தமில்லாமல் திருத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம், வேறென்ன. அடுத்த வாரம் உன் ஊர் அரும்பாவூருக்கு வந்து சொல்லலாம், அதற்கடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அந்தக் கடைசி வரியைத் திறந்து முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அன்னைக்குத் தப்பு என்னுது சார். அவ மேல ஒண்ணும் இல்ல."

அவர் திரையைப் பார்த்தார். "எந்தப் பொண்ணும்மா?" என்றார்.

உன் பேரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் உன் புரோகிராமை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஏற்றியிருக்கிறேன். என்னுடையதைத்தான் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன்.