ஞாயிறு, நான்கு பத்து

மார்ச் 4, திங்கள்

மூன்றாவது மாடிக் கூட்ட அறை. ஏசி அதிகாரிகளின் கோட்டுக்குத் தோதாக ஓடிக்கொண்டிருந்தது. இளையோர் ஆலோசனைக் குழுவின் பதினொரு பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மரியாதை என்று துறைச் செயலர் நினைத்திருப்பார். குளிர்.

சிறுவர் காப்பகங்களுக்கான புதிய கொள்கையில் பிள்ளைகளே செய்த ஆய்வு ஓர் அத்தியாயமாக வரும். அதை எழுதித் தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு காப்பகங்கள், அறுபத்து நான்கு பிள்ளைகளிடம் கேள்வி. ஆய்வு கச்சிதம். நான் பார்த்த பல நிருபர்களைவிடச் சுத்தமாகக் குறிப்பெடுத்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் கலர் காகிதமும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், பதினைந்து வயது, மெதுவாகச் சொன்னாள்: "எங்ககிட்ட எப்பவும் கலர் பேப்பர்லதான் கேப்பாங்க மேடம். முடிவெல்லாம் வெள்ளப் பேப்பர்ல வரும்."

அவளுக்குப் பட்டப்பெயர் கடிகாரம். கையில் கடிகாரம் கிடையாது. நேரம் கேட்டால் தப்பாமல் சொல்வாள்.

மார்ச் 7, வியாழன்

கடிகாரத்தோடு ஒரு மணி நேரம். அவளுக்கு வேண்டியது கொள்கையில் ஒரே ஒரு வாக்கியம்: எந்தத் தப்புக்கும் தண்டனையாகக் கூடப்பிறந்தவர்களின் தொலைபேசிப் பேச்சை நிறுத்தக் கூடாது.

அவள் தம்பி வேறு காப்பகத்தில். எட்டு வயது. ஞாயிறு நான்கு பத்துக்கு அவள் முறை, பத்து நிமிடம். "முதல் மூணு நிமிஷம் பேசவே மாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். அப்புறம் ஏழு நிமிஷம் எங்களுது." தட்டைக் கழுவாமல் வைத்ததற்கு ஒரு தடவை இரண்டு வாரம் நிறுத்தினார்களாம்.

என் பெயர் வராதில்ல என்று இரண்டு தரம் கேட்டாள். முப்பத்தொரு வருடப் பத்திரிகை வேலையில் ஒரு ஆளைக்கூட நான் காட்டிக் கொடுத்ததில்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மார்ச் 12, செவ்வாய்

அவள் பக்கம் முடிந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. நான்கு பத்து இருக்கிறது, மூன்று நிமிட மூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு உயிர் இல்லை. நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

வரைவு ஆறு உறைகளில் போயிற்று. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் வார்த்தையை அச்சிடப் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் விதி. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் நீட்டிய கடிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். முகவரிகளைப் படிக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

கடிகாரம் வந்தாள், தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அதே காப்பகத்திலிருந்து வரும் இன்னொருத்திதான் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் கொடுக்கவில்லை. இனி மறு உத்தரவு வரை கிடையாது. குற்றம் — உள்ளே நடப்பதை வெளியே சொன்னது.

வார்டனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

உறை.

ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சட்டப்படி வார்டன்தானே மேடம் அவளுக்கு கார்டியன்? வேற யாருக்கு அனுப்பறது? பிள்ளைங்களப் பாதுகாக்கத்தான் அந்த விதியே."

யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே புகாரை அனுப்பிச் சம்மதம் கேட்டிருக்கிறோம். அதிலும் யார் என்று தேடும் சிரமம்கூட அவருக்கு வைக்கவில்லை. அந்தக் காப்பகத்தில் நான்கு பத்து ஒருத்திக்குத்தான். நேரம் எதற்கடி போட்டாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 'ஒரு ஞாயிறு மாலை' என்று எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகை உன்னைத் தூக்கியெறிந்திருக்கும்?

மார்ச் 27, புதன்

என் தம்பி போன் செய்தான். மூன்று வாரமாக அவன் அழைப்பை எடுக்காமல் விட்டிருக்கிறேன், வேலை. நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்லத் தெரியாத பிறவி.

"பெரிய மனுசங்கள எல்லாம் பேர் தெரியாம காப்பாத்துனே. இந்தப் புள்ளைக்கு மட்டும் மணியோட அடையாளம் குடுத்துருக்கே, அக்கா."

மார்ச் 31, ஞாயிறு

நான்கு பத்துக்குக் காப்பகத்து எண்ணை அழைத்தேன். முதல் மணியிலேயே வார்டன் எடுத்தார். அவள் முறையில் லைன் சும்மாதான் இருந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். களைத்த குரல். "இருபத்தெட்டுப் புள்ளைங்க, ஒரு போன், நான் ஒருத்தி. இத விட்டா எத வச்சு நான் அடக்கறது, அதையும் உங்க புஸ்தகத்துல எழுதுங்க மேடம்."

அதையும் குறித்துக்கொண்டேன். கோபம் குறையவில்லை.

ஏப்ரல் 3, புதன்

துறைக்குப் புகார் கொடுத்தேன். ஜூலைக் கூட்டத்தில் வைக்கப்படும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கூட்டம் தொடங்குமுன் கடிகாரம் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். முதல் கூட்டத்தில் அவள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். ஐந்தாவது வரியில் விரல் வைத்தாள்: பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல், தன் கூற்றைத் திரும்பப் பெறலாம்.

"இது நெசமா மேடம்?"

நிஜம் என்றேன். காரணம் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று போட்டிருக்கிறதே. அவளாகவே சொன்னாள். அந்தப் பக்கம் இல்லாத புத்தகத்தைப் பார்த்த பிறகு போன் தருவதாக வார்டன் சொல்லியாயிற்று. மூன்று ஞாயிறாகத் தம்பி அங்கே போன் பக்கத்திலேயே நிற்கிறானாம்.

முகவரி பார்க்காமல் உறைகளுக்குக் கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியம் போய்விடுமே என்றும் சொன்னேன். அதற்கு அவள் சொன்னது:

"நாங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம் மேடம். நீங்கதான் படிக்காமப் போட்டீங்க."

ஏப்ரல் 10, புதன்

காலை பதினொன்றுக்குள் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் படிவத்தில் உள்ள எட்டு உரிமைகளில் ஒரே நாளில் நிறைவேறியது இது ஒன்றுதான். அவள் வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது: 'குடும்பத் தொடர்பு இயன்றவரை ஊக்குவிக்கப்படும்.'

இயன்றவரை!

ஏப்ரல் 18, வியாழன்

வெளியீடு. அட்டையில் கலர் காகிதங்களின் படம். நான் எழுதிய அத்தியாயத்தின் தலைப்பு 'எங்கள் குரல்'. நன்றியுரை வாசிக்கக் கடிகாரத்தைக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள்; இரண்டு நிமிடத்தில் முடித்தாள். நல்ல தெளிவாப் பேசுது என்றார் செயலர்.

இறங்கி வரும்போது மேசையிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். வார்டனிடம் காட்ட.

ஏப்ரல் 21, ஞாயிறு

நான்கு பத்துக்கு அழைத்தேன். பிஸி.

நான்கு பதின்மூன்றுக்கு மறுபடி. பிஸி.

நான்கு இருபத்தொன்றுக்கு மணி அடித்தது. யாரும் எடுக்கும் முன் வைத்துவிட்டேன்.