தொங்குபாலத்தில் நின்றுபோன வைத்தியக்காரி

என் வாயாடிக்கு,

இங்கே நான் சுகம். நீ எப்படி இருக்கே? அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா?

கிடங்குல ஒரு பெட்டி கால்ல விழுந்து மூணு தையல். பயப்படாதே, நாலு நாள் லீவு கிடைச்சுது, அவ்வளவுதான். அந்த லீவுல நம்ம பழைய வாள்சண்டை கேமைத் திரும்ப ஆட ஆரம்பிச்சேன். சண்டை இன்னிக்கும் அசத்தல். அரக்கன் கதாயுதத்தை ஓங்குறதுக்கு முன்னாடி தோளை அசைப்பான் பாரு, அதைப் பார்த்து விலகணும். அந்த நுணுக்கம் புது கேம் எதுலயும் இல்லை.

ஆனா இந்த கேமைச் செஞ்சவனுங்களை நாலு அறை விடணும்! நம்மகூட வர்ற வைத்தியக்காரி தொங்குபாலத்துக்கிட்ட வந்ததும் மரம் மாதிரி நின்னுடுறா. திரும்பிப் போய்க் கூப்பிட்டா ரெண்டடி வந்து மறுபடி நிக்கிறா. கூட வர்றவளை ஒழுங்கா நடக்க வைக்கத் துப்பில்லை, இவனுங்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிடிக்கிறதுக்குக் கோட்டை ஒரு கேடா?

அறையில கூட இருக்கிற வெல்டர், "அவளை விட்டுட்டுப் போண்ணே, தனியாவே கோட்டையைப் பிடிச்சிடலாம்"னான். வந்துதே கோபம்! "உன் வேலையைப் பாருடா"ன்னு கத்திட்டேன். ரெண்டு நாளா பேச்சுவார்த்தை இல்லை.

நீ ஆடும்போது மட்டும் அவ குடுகுடுன்னு ஓடி வருவாளே, அப்படி என்னதான் பண்ணுவே? உடனே எழுது. என் பழைய போர்வையையும் அனுப்பு, குளிருது.

லீவு முடிஞ்சுது, கம்பெனி வண்டி வந்துடுச்சு. பாலம் தாண்டினாத்தான் கேம் சேவ் ஆகும், அதனால மெஷினை அணைக்காமத்தான் போறேன். வெல்டர் அதுல கை வைக்கட்டும், அப்புறம் தெரியும் சேதி! நீ எழுதுற வரைக்கும் நானும் அவகூட இந்தக் கரையிலேயே நிக்கிறேன்.

உன் முரடன்